துட்டி வீட்டுத் தண்ணீர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எந்தப் பலகையை எத்தனை பேர் பிடித்துத் தூக்குவது, எந்தத் துணியால் துடைப்பது என்பதையெல்லாம் மேடம் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதை நானும் ஒரு தடவை சொல்லி உங்கள் பொழுதைக் கெடுக்கப் போவதில்லை. கப்பல் வந்து இறங்கிய நாளிலிருந்து போன மாசி மாதம் வரைக்கும் இந்த ஷெட்டில் தண்ணீர்ப் பொறுப்பு என்னுடையது. என்னைக் கேட்காமல் இங்கே ஒரு குழாய் திறந்தது கிடையாது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல ஆபீஸ் பெண் எழுதிக்கொள்கிறாள். நடுவில் அவளாக ஏதாவது அழகுபடுத்தினால் திரும்ப வாசிக்கும்போது எனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கப்பல் என்று பேர்தான். பெரிய தோணி அது. வைப்பாறு கடலில் சேருகிற பக்கத்தில் உப்பளத்துக்கு வாய்க்கால் வெட்டும்போது சேற்றுக்குள்ளிருந்து பலகை பலகையாக வந்தது. எத்தனை நூறு வருஷம் கிடந்ததோ தெரியாது. சேறு அதை அழுகவிடாமல் வைத்திருந்தது. பார்வைக்கு மரம் மாதிரி இருக்கும். விரலால் அழுத்தினால் டீயில் முக்கிய ரஸ்க். ஈரம் இருக்கிறவரைக்கும் அதற்கு உருவம் உண்டு. காய்ந்தால் சுருங்கி, முறுக்கி, வெடித்துப் போகும். அடுப்பெரிக்கக்கூட ஆகாது.

மேடம் இங்கே வருவதற்கு முன்னால் எகிப்து தேசத்தில் மரக்கப்பல் வேலை பார்த்தவர்கள். அங்கே ராஜாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய கப்பலையும் கழற்றிப் புதைத்துவைத்திருந்தார்களாம். வந்த புதிதில் எங்களைச் சுற்றி உட்காரவைத்துச் சொன்னார்கள். "அங்க மரம் காய்ஞ்சு சாம்பல் மாதிரி இருந்துச்சு. ஒரு சொட்டுத் தண்ணி பட்டா போச்சு. வேர்வை விழுந்திடக் கூடாதுன்னு நெத்தியில துணி கட்டிக்கிட்டு வேலை பார்த்தோம். இங்க அப்படியே தலைகீழ். ஒரு மத்தியானம் தண்ணி இல்லன்னா போச்சு."

"பாலைவனத்துல தண்ணிக்குப் பயந்தவிய, கரிசக்காட்டுல வந்து தண்ணிக்கு அலையுதியளாக்கும்" என்றேன். மேடம் சிரித்துவிட்டார்கள். அப்போது சிரிக்க முடிந்தது. ஷெட்டுப் போர்க்குழாயில் தண்ணீர் இருந்தது.

அந்தப் போருக்காகத்தான் கப்பலை இங்கே கொண்டுவந்ததே. மரத்துக்குள் ஏறிய உப்பு இறங்க நல்ல தண்ணீர் வேண்டும். கடற்கரையில் எங்கே தோண்டினாலும் உப்பு. எங்கள் ஊர் ஓரத்தில் இந்தத் தீப்பெட்டி ஆபீஸ் ஷெட் மூடிக் கிடந்தது. கரிசல் தரையில் நீளமாகக் குழி வெட்டி, கனத்த தார்ப்பாய் விரித்து, தண்ணீர் நிரப்பி, மூன்று தொட்டி ஆக்கினார்கள்.

வேலைக்கு எடுத்த பெண்கள் எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினவர்கள். சட்டத்தில் குச்சியை வரிசையாகச் செருகுகிற வேலை அது. ஒரு குச்சி கோணலாக இருந்தாலும் மருந்து சரியாகப் பிடிக்காது. கோணல் கண்ணில் பட்டதும் கை தானாக எடுத்துக் கழிவில் போட்டுவிடும். யோசித்துச் செய்கிறதில்லை. அந்தக் கைகள்தான் லாரியிலிருந்து கப்பலை இறக்கின. நீளமாக, நேராக இருந்த பலகைகள் முதல் இரண்டு தொட்டிக்குப் போயின. உடைசல், வளைசல், முடிச்சு விழுந்த கட்டை எல்லாம் மூன்றாவதற்குப் போனது. அதற்குக் 'கழிவுத் தொட்டி' என்று பேர் விழுந்துவிட்டது. மேடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

செல்வம் நாகலாபுரத்துக்காரன். கம்ப்யூட்டர் இன்ஜினியர். ஒவ்வொரு துண்டையும் மிஷினால் எல்லாப் பக்கமும் படம் பிடித்து, கம்ப்யூட்டருக்குள் அதே அளவில் துண்டை உண்டாக்கி, ஒன்றோடு ஒன்று பூட்டிக் கப்பலை எழுப்புகிறது அவன் வேலை. முழுப் பலகைகளை முதலில் எடுத்தான். உருவம் சீக்கிரம் தெரியட்டும் என்று. எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பங்குனி மாதம் நல்ல பலகை அத்தனையும் கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டது. ஏறியும் கப்பல் மூடவில்லை. வயிற்றுப் பக்கம் பலகையும் பலகையும் சேரமாட்டேன் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

மேடம் அதை வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு திரும்பி மூலைத் தொட்டியைப் பார்த்தார்கள். "உள்ள எலும்பா நின்ன கட்டை எப்படி வளைஞ்சிருந்துச்சு, பலகையை எதை வச்சுப் பூட்டினாங்க, எல்லாம் உடைசல்லதான் இருக்கும். நாம கழிவுன்னு பேர் வச்சதுதான் கப்பலே."

அந்த வாரம்தான் போர் காற்றை இழுக்க ஆரம்பித்தது.

கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் போனால் காலை விடுகிற அகலத்துக்கு வெடிக்கும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தவரைக்கும் சுற்றி இருந்த மண்ணும் ஈரமாக, வாயை மூடிக்கொண்டு கிடந்தது. மட்டம் இறங்க இறங்க ஓரம் காய்ந்து வெடித்தது. வெடிப்பு தார்ப்பாயையும் சேர்த்து இழுத்துக் கிழித்தது. கிழிசல் வழியாக இருந்த தண்ணீரும் இறங்கியது. ஒரு பக்கம் ஒட்டினால் இன்னொரு பக்கம் பிய்ந்தது. ஈரத்துணி சுற்றி வைத்துப் பார்த்தோம். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் பாதித் துணி மத்தியானத்துக்குள் காய்ந்தது, மீதிப் பாதி பூசணம் பிடித்தது. நான் தொட்டியில் கையை விட்டுப் பார்ப்பதும் அடுத்த தொட்டிக்கு நடப்பதுமாகத் திரிந்தேன்.

ஊரிலும் குழாய் நின்றுவிட்டது. கயத்தாறு பக்கத்துக் கிணறு ஒன்றிலிருந்து நாளுக்கு ஒரு லாரித் தண்ணீர். பாதி ஊருக்கு, பாதி ஷெட்டுக்கு என்று மேலே இருக்கிறவர்கள் பேசிவைத்தார்கள். பேசினது ஊருக்குக் கேட்டதா என்று யாரும் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை லாரி ஷெட்டுக்கு வரவில்லை. ஹாரன் சத்தம் மட்டும் ஊர் முக்கிலிருந்து விடாமல் வந்தது. மேடம் சென்னைக்குப் போயிருந்தார்கள். நான் ஓடினேன்.

ரோட்டை மறித்துக் குடங்கள். குடங்களுக்குப் பின்னால் பெண்கள். எல்லாருக்கும் முன்னால் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு பூரணம். எனக்கு மதினி முறை. ஆடு வளர்க்கிறவள். அந்த வாரம் இரண்டு குட்டியைத் தாகத்துக்கு வாரிக் கொடுத்திருந்தாள்.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க" என்றேன் டிரைவரிடம்.

"எங்கனம்மா எடுக்க? குடத்து மேலயா ஏத்தச் சொல்லுத?"

பூரணம் என்னைப் பார்த்தாள். "ஏட்டி வெள்ளத்தாயி, பேருலயே வெள்ளத்த வச்சிருக்க. உனக்கு எதுக்குட்டி லாரித் தண்ணி?"

பின்னால் சிரிப்பு.

"எனக்கா கேக்கேன் மதினி? ஷெட்டுக்குல்லா."

"ஷெட்டுல என்ன, பச்சப்புள்ள தொண்ட வறண்டு அழுதா? செத்த மரம். இங்க ஆடு உசுரோட நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கி."

"பாதி பாதின்னு பேசியிருக்குலா?"

"பேசினவிய வந்து எங்க வீட்டுல உலை வைக்கட்டும். போனப் போடு, வரச் சொல்லு."

போன் போட்டிருக்கலாம். அதிகாரிகளின் ஜீப் வந்திருக்கும். லாரி அன்றைக்கு ஷெட்டுக்குப் போயிருக்கும். மறுநாளிலிருந்து ஒரு பெண்ணும் வேலைக்கு வந்திருக்கமாட்டாள். என்னையும் அந்தத் தெருவில் யாரும் வா என்று கூப்பிட்டிருக்கமாட்டார்கள். ஷெட்டை நம்பி நான் ஊரைப் பகைக்கவும் முடியாது, ஊரை நம்பி ஷெட்டை விடவும் முடியாது. நின்றேன்.

"என்னட்டி முழிக்க?" என்றாள் பூரணம். "ஷெட்டுல யாரும் செத்துட்டாவளா? நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கவா வந்து நிக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சாவு விழுந்த வீட்டை நாங்கள் துட்டி வீடு என்போம். பிணத்தைக் குளிப்பாட்டச் சொந்தக்காரர்கள் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதுதான் நீர்மாலை. எங்கள் ஊரில் தண்ணீர் எவ்வளவு தட்டுப்பாடாக இருந்தாலும் துட்டி வீட்டுக் குடம் வரிசையில் நிற்காது. குளிப்பாட்ட, வந்தவர்கள் குடிக்க, முதல் தண்ணீர் அவர்களுக்கு. பிணம் எடுக்கிற மட்டும்தான். எடுத்தாச்சு என்றால் அந்த வீட்டுக் குடமும் எல்லாரையும் போல வாலில் போய் நிற்க வேண்டும். பகையாளி வீடாக இருந்தாலும் இதில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

"ஆமா மதினி, துட்டிதான்" என்றேன்.

"என்னது?"

"நீதான சொன்ன, செத்த மரம்னு. செத்தது இன்னும் எடுக்காமக் கெடக்கு. எடுக்கிற மட்டும் மொதத் தண்ணி கேக்கேன். பாதிகூட வேண்டாம், ஒரு தொட்டிக்குக் குடு. எடுத்த பெறவு ஒரு சொட்டு கேக்கமாட்டேன். ஷெட்டுப் பங்கும் ஊருக்குத்தான்."

சிரிப்பு அடங்கிவிட்டது. துட்டியை வைத்து யாரும் விளையாட்டுக்குப் பேசுவதில்லை. பேச்சை எடுத்தது பூரணம். அவளால் அதைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியவில்லை. பின்னால் யாரோ ஒருத்தி, "கேக்குதது முறைதானட்டி" என்றாள்.

பூரணம் இடுப்புச் சேலையை ஒரு தடவை இழுத்துச் செருகினாள். "சரி. எப்ப எடுக்கிய?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மேடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் துட்டி அந்த இடத்திலேயே பொய்யாகப் போயிருக்கும். துட்டி வீட்டில் எவரும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வது கிடையாது. எப்போது எடுக்கிறீர்கள் என்றால் ஒரு பொழுதைச் சொல்லியாக வேண்டும்.

"செவ்வாக்கெழம சாயங்காலம்."

"செவ்வாக்கெழம லாரி வந்து நிக்கையில எடுத்தாச்சான்னு உங்கிட்டதான் கேப்பேன். ஊருக்கு முன்னாலதான் கேப்பேன்."

"கேளு மதினி."

அவளே குனிந்து முதல் குடத்தை ரோட்டிலிருந்து நகர்த்தினாள்.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். பெரியவர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள், போன் எடுக்காது, எதிரில் நிற்கிறவர் பதில் கேட்பார். அப்போது உங்களுக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தால் மரம் காய்ந்துவிடும். சொல்லிவிட்டு, சொன்னதற்குப் பிணையாக நில்லுங்கள். திட்டு விழும். எனக்கும் விழுந்தது.

மறுநாள் காலையில் மேடம் ரயிலிறங்கி நேராக ஷெட்டுக்கு வந்தார்கள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நாள் குறிக்க உங்களுக்கு யார் சொன்னா வெள்ளத்தாயம்மா?"

"யாரும் சொல்லல மேடம்."

"கழிவுத் தொட்டி முழுசாப் படம் எடுக்காம அப்படியே இருக்கு. செவ்வாய்க்கிழமைக்குள்ள எப்படி முடியும்?"

"முடிஞ்ச மட்டும் முடிப்போம்."

"முடியாதது?"

"போயிரும்."

"போயிரும்னு எவ்வளவு லேசாச் சொல்றீங்க!"

"லேசா இல்ல மேடம். வியாழக்கெழம லாரிய விட்டிருந்தா எல்லாமே போயிருக்கும். இப்பம் எதப் போக விடலாம்னு நாம சொல்லலாம்."

மேடம் முதல் தொட்டிப் பக்கம் போய் நின்றார்கள். அதில்தான் பூப்பலகை கிடந்தது. தோணியின் முன்மூக்கில் இருந்த பலகை. யாரோ ஒரு ஆசாரி உளியால் ஒரு பூவைச் செதுக்கியிருந்தான். அத்தனை நூறு வருஷத்துக்கு அப்புறமும் இதழ் இதழாக எண்ணலாம். மேடம் தினமும் காலையில் வந்ததும் கையைத் தண்ணீருக்குள் விட்டு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டீயே குடிப்பார்கள். அன்றைக்கும் கையை விட்டார்கள்.

பிறகு எழுந்து, "ஒரு தொட்டிக்குத்தான் தண்ணி. மொதத் தொட்டி, ரெண்டாந்தொட்டித் தண்ணிய எடுத்துக் கழிவுத் தொட்டிக்கு ஊத்துங்க" என்றார்கள்.

செல்வம் பதறிவிட்டான். "மேடம், பூப்பலகை..."

"அது எப்படி இருந்துச்சுன்னு உன் கம்ப்யூட்டர்ல இருக்கு. கழிவுத் தொட்டியில என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சதுக்காகத் தெரியாததை விட முடியாது."

முதல் வாளியை அவர்களே மொண்டார்கள். நான் வாங்கக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. மூலைவரை தூக்கிக்கொண்டு நடந்து போய் ஊற்றினார்கள். என்னைத் திட்டியது அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இன்றுவரைக்கும் இல்லை. எகிப்தில் அவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது யாரோ தெரியாது. அவரும் இப்படித்தான் இருந்திருப்பார்.

அடுத்த நாட்களில் ஷெட்டுக்குள் யாரும் நடந்து பார்த்ததில்லை, எல்லாரும் ஓடினோம். ஈரமாக இருந்தால் துண்டு மினுங்கும். மினுங்கினால் மிஷினுக்குக் கண் கூசும். ஈரம் போனால் துண்டே போகும். தூக்கி, மினுக்கம் மட்டும் போகிற மாதிரி ஒற்றி எடுத்து, செல்வம் மிஷினைச் சுற்றிக் கொண்டுவருகிறவரைக்கும் அசையாமல் பிடித்து, உடனே திரும்பத் தண்ணீருக்குள் விட வேண்டும். யாராவது தும்மினால்கூட செல்வம் முறைத்தான். "ஏலே செல்வம், மூக்கையும் கழட்டி வீட்டுல வச்சிட்டா வரணும்?" என்று ஒருத்தி கேட்டாள். அவனுக்குச் சிரிக்க நேரமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் காலியான தொட்டியிலிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்தது. சோளம் பொரிகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தெறிக்கும். நல்ல பலகைகள் வெடிக்கிற சத்தம். ஈரத்துணி போட்டிருந்தோம். அது என்ன செய்யும்? ஒவ்வொரு சத்தத்துக்கும் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் மட்டும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலையைப் பார்த்தார்கள். சத்தம் வரும்போது தோள் ஒரு தடவை துள்ளும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை செல்வம் கத்தினான். எல்லாரும் ஓடினோம். உடைசலிலிருந்து எடுத்த வளைந்த கட்டைகளைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியதும் பலகைகள் ஒவ்வொன்றாக அதன்மேல் போய் உட்கார்ந்திருந்தன. வலப்பக்கம் முழுதும் மூடிவிட்டது. பிளந்துகிடந்த வாய் இல்லை. மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "இன்னும் இடப்பக்கம்" என்றார்கள்.

திங்கட்கிழமை காலையில் கரண்ட் போனது. எங்கேயோ ட்ரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டால், வரும்போது வரும் என்றார்கள். வாடகை ஜெனரேட்டருக்குச் செல்வம் கோவில்பட்டி முழுக்க அலைந்தான். கல்யாண மாதம், ஒன்றும் இல்லை. மிஷினில் மீதி இருந்த சார்ஜை வைத்துச் சின்னத் துண்டுகளாகப் பார்த்து எடுத்தான். செவ்வாய் மத்தியானம் அதுவும் நின்றது.

தொட்டியின் அடியில் எடுக்காதது மூன்று கிடந்தது. வளைசல் என்று கழிவில் போட்ட இடப்பக்க வயிற்றுப் பலகை இரண்டு, ஆள் நீளத்துக்கு மேல். அப்புறம் முடிச்சு விழுந்த ஒரு தடித்த கட்டை, அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. தார்ப்பாய்க் கிழிசலில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. லாரித் தண்ணீர் ஊற்றாவிட்டால் விடிவதற்குள் தரை தெரிந்துவிடும்.

செல்வம் என் பக்கத்தில் வந்தான். "அக்கா, எடுக்கலன்னு சொல்லுங்க. இன்னும் ரெண்டு நாளு. அதுக்குள்ள கரண்ட் வந்துரும்."

"துட்டி வீட்டுல சொந்தக்காரன் வந்து சேரலன்னு சொல்லச் சொல்லுதியா?"

"ஊருல அப்படி நடக்கிறதில்லையா?"

"நடக்கும். அது நெசமாப் பொணம் கெடக்கிற வீடு. இது நான் சொன்ன வாக்குல நிக்கிற துட்டி. இதுல ஒரு நாளு தள்ளினா மொத்தமும் பொய்தான்."

அவன் மேடத்தைப் பார்த்தான். மேடம் என்னைப் பார்த்தார்கள். "வாக்கு உங்களோடது. நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்கள். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு வேலையில் தலைவராக இருப்பவர் இப்படிச் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லாரி வந்து நின்றது. ஊரே நின்றது. பூரணம் கேட்டாள்.

"எடுத்தாச்சா?"

 பின்னால் ஷெட் வாசலில் செல்வம் நிற்பது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

"எடுத்தாச்சு."

அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குழாயைத் திறந்தார்கள். நான் என் வீட்டுக்குப் போய் நாலு குடத்தை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் வாலில் நின்றேன். எல்லா வீட்டுக்கும் நாலு குடம். என் முறை வந்தது, பிடித்தேன். ஒன்றை இடுப்பில் வைத்து ஒன்றைக் கையில் பிடித்து, ஷெட்டைப் பார்த்து நடந்தேன்.

பூரணம் பார்த்துவிட்டாள். "ஏட்டி, உன் வீடு அங்கன இருக்கு."

"தெரியும் மதினி."

"எடுத்தாச்சுன்னு சொன்ன?"

"ஊருத் தண்ணில எடுத்தாச்சு. இது என் வீட்டுத் தண்ணி."

 அடுத்த நடைக்கு நான் திரும்பி வந்தபோது பூரணம் மீதி இரண்டு குடத்தையும் ஆடு முட்டிவிடாமல் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தாள்.

நாலு குடத்துக்குள் அடங்குகிறது அந்தத் தடித்த கட்டை ஒன்றுதான். காலியாகக் கிடந்த டிரம் ஒன்றில் அதை நிறுத்தி, மூழ்க ஊற்றினேன். நீளப் பலகை இரண்டுக்கும் எத்தனை குடம் ஊற்றினாலும் காணாது. மற்றப் பெண்களைக் கேட்டிருந்தால் அவர்களும் வீட்டுக் குடத்தைக் கொண்டுவந்து ஊற்றியிருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தன. நம் கையில் இருப்பதைக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு, அடுத்தவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

வீட்டில் என் மருமகள் காலிக் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். "அத்தை, கப்பலு குளிச்சிருச்சா?" என்றாள். "குளிச்சிருச்சு" என்றேன். அன்றைக்கும் மறுநாளும் மகன் கயத்தாறு ரோட்டுக் கடையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிவந்தான். அவள் என்னோடு பேசாமல் பரிமாறினாள். நானும் பேசாமல் தின்றேன்.

வியாழக்கிழமை கரண்ட் வந்தது. டிரம்மிலிருந்து கட்டையை எடுத்தோம். செல்வம் நாலு பக்கமும் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். கப்பலில் எங்கே வைத்தாலும் அது உட்காரவில்லை. மேலே மட்டும் பெரிதாக்கிப் பார்த்தான். குறுக்கும் நெடுக்குமாகக் கத்தி வெட்டு. நூற்றுக்கணக்கில். ஒரு பள்ளத்தில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா! நாம காப்பாத்தினது மீன் வெட்டுற கட்டை!"

எனக்கு முதலில் கோபம் வந்தது. நாலு குடம் தண்ணீர். மேடம் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்கள். சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். "இவ்வளவு நாளா இது எந்த மரம், எந்த வளைவுன்னுதான் பார்த்தோம். இதுல ஆள் இருந்தாங்க. உட்கார்ந்து மீன் வெட்டியிருக்காங்க" என்றார்கள்.

மற்றத் துண்டுகளைப் போலப் பூப்பலகையும் அதற்குள் காய்ந்து முறுக்கிக்கொண்டுவிட்டது. நடுவில் பிளந்து பூ இரண்டாகப் போயிருந்தது. மேடம் அதை எறியவிடவில்லை. இடப்பக்கப் பலகை இரண்டும் கோணல் குச்சி மாதிரிச் சுருண்டு கிடந்தன. இனிமேல் படம் பிடித்தாலும் அது சுருண்ட பிறகு உள்ள உருவம், கப்பலில் இருந்த உருவம் இல்லை. செல்வம் ஒரு யோசனை சொன்னான். வலப்பக்கம் முழுசாக இருக்கிறதே, அதையே திருப்பிப் போட்டு இடப்பக்கத்தை நிரப்பிவிடலாம், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது என்றான்.

"வித்தியாசம் தெரியாதுங்கிறதுதான் தப்பு" என்றார்கள் மேடம். "வலப்பக்கம் நமக்குத் தெரியும். இடப்பக்கம் தெரியாது. அந்த ஆசாரி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி செஞ்சான்னு நமக்கு யார் சொன்னா? அந்த இடத்தை மரக் கலர்ல காட்டாதே. வேற கலர் குடு." செல்வம் சாம்பல் நிறம் கொடுத்தான்.

ஐப்பசியில் மழை விழுந்தது. கரிசல் வாயை மூடியது. ஒரு நாள் பூரணம் ஷெட்டுக்கு வந்தாள். ஊரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம், தனியாகத்தான் வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். கம்ப்யூட்டரில் கப்பல் சுற்றிச் சுற்றி வருவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். இடப்பக்கம் வந்ததும் விரலை நீட்டினாள்.

"இது ஏன்ட்டி சாம்பல அப்பின மாதிரி கெடக்கு?"

"அது நீ குடிச்சது மதினி."

செல்வம் திகைத்துப் போய் என்னைப் பார்த்தான். பூரணம் நீட்டிய விரலை எடுக்கவில்லை. கப்பல் இன்னொரு சுற்று வந்தது.

"நான் எங்கட்டி குடிச்சேன்?" என்றாள். "என் ஆடுல்லா குடிச்சிச்சு."

கப்பலைப் பார்க்க வருகிறவர்கள் அந்தச் சாம்பல் இடத்தைக் காட்டி உங்களிடமும் கேட்பார்கள். தகவல் கிடைக்கவில்லை, ஆய்வு நடக்கிறது என்றெல்லாம் இழுக்க வேண்டாம். ஆடு குடித்துவிட்டது என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள். சிரித்து முடித்து, எந்த ஆடு என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பூரணத்தின் ஆடுகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் மேய்கின்றன.